கட்டைவிரல் உயர்ந்தால்

அடிலெய்ட்,
மே 27

கோலினுக்கு,

உன்னோடு போனில் பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் நீ வைத்துவிடுவாய். நடுவில் வைத்துவிட முடியாத ஏதாவது வேண்டும் என்பதால் தபால்தலை வாங்கி ஒட்டியிருக்கிறேன். கடைசி வரை படி.

ஜூலையில் வேலையாக உங்கள் பக்கம் வருகிறேன். கிம்பா, கொவெல் தானியக் கிடங்குகளின் எடைமேடைகளைச் சோதிக்க வேண்டும். அறுவடைக்கு முன்னால், இந்தக் குளிரில்தான் அவை சும்மா கிடக்கும். அடுத்த வருஷத்திலிருந்து இந்தச் சுற்றை யாரோ தனியார் ஆட்களிடம் கொடுக்கப் போகிறார்களாம். ஆக, ஆபீஸ் காரில் வந்து கடலில் கணவாய் மீன் பார்க்க எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டு ஊர் வேலைக்கும் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது, ஜூலை பன்னிரண்டு. அன்று காலை ஸ்டோனி பாயின்ட்டில் முங்கப் போகிறேன்.

உன்னோடு இல்லை. போன வருஷம் பட்டது போதும்.

ராஸ் படுக்கையில் கிடந்த வருஷமெல்லாம் நான் கடலை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை. புருஷனும் போன பிறகு எனக்கு ஆசை என்று மிஞ்சியது இது ஒன்றுதான். அது தெரிந்தவன் நீ ஒருவன்தான். போன குளிர்காலத்தில், அத்தனை வருஷம் கழித்து, அந்தப் பெரிய ஆண் கணவாய் என் முகத்துக்கு நேரே வந்து உடம்பு முழுக்க வரிவரியாக நிறம் ஓட விட்டுக்கொண்டு நிற்கிறது. நான் மூச்சைக்கூட மெதுவாக விடுகிறேன். நீ என் தோளைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்துகிறாய். சரியாக இறங்கக்கூட இல்லை, அதற்குள் மேலே போகலாமாம். அத்தோடு போயிற்று. மறுநாள் காற்று, அதற்கு மறுநாள் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இந்தத் தடவை தண்ணீருக்குள் என் ஜோடி வேட். எங்கள் ஆபீஸுக்குக் கெய்ன்ஸிலிருந்து மாற்றலாகி வந்தவன். பவளப் பாறையில் வருஷக்கணக்காக முங்கியவன். நல்ல உடம்பு, நல்ல மனசு, எதற்கும் பயப்படாதவன்.

உன் கொட்டகையில் தொங்கும் என் ரப்பர் உடை, தலையுறை, கையுறை, ஈய பெல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மோட்டல் கவுண்டரில் கொடுத்துவிடு. உன் வீட்டில் நான் தங்கப் போவதில்லை. என் பச்சைத் துண்டும் உன்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொடு. ஒரு டைவையும் கெடுத்து, துண்டையும் வைத்துக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

ரேலீன்


வையாலா,
ஜூன் 4

அக்கா,

கடைசி வரை படித்தேன். இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை கோபம் இன்னும் நன்றாக வந்தது.

ஒரு விஷயம் கேட்கிறேன். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் கட்டைவிரலை உயர்த்தலாம், ஜோடி உடனே மேலே வர வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, கரையிலும் கேட்கக் கூடாது, பப்பிலும் கேட்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தது யார்? காதைத் திருகிச் சொல்லித் தந்தாயே. "கேட்டா அடுத்த தடவை வெக்கப்பட்டுக்கிட்டு விரலைத் தூக்க மாட்டான்டா, அங்கேயே கிடந்து சாவான்"னு சொன்னது உன் வாய்தானே?

அப்படிப்பட்ட நீ, டைவிங் கிளப் ஆட்கள் மொத்தமும் கார் நிறுத்துமிடத்தில் சாசேஜ் வாட்டிக்கொண்டு நிற்கும்போது, தலையுறையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கத்தினாய். "ஏன்டா ஏறின? எதைப் பார்த்துடா பயந்த? பயந்தாங்கொள்ளி, ஒரு மீனைப் பார்த்து நடுங்குறான்." நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் விதி. அன்றிலிருந்து கிளப்பில் என் பெயர் கோலின் இல்லை, கட்டைவிரல். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறும் பொடிசுகள்கூடக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுத்தான் உட்காருகின்றன. "குட் மார்னிங் தம்ப்"னு சொல்லுதுங்க, நானும் சிரிச்சு வைக்கிறேன்.

காரணம் என் வாயிலிருந்து வராது. நீ கேட்ட விதத்துக்கு வரவே வராது.

வேடைப் பற்றி. கெய்ன்ஸில் தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் இருக்கும். இங்கே ஜூலையில் முகத்தை நனைத்தாலே நெற்றிப்பொட்டு வலிக்கும். அவனிடம் நீ கட்டைவிரலைக் காட்டினால் "சூப்பர்"னு நினைச்சுப் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான். எதற்கும் பயப்படாதவனை ஜோடியாக வைத்துக்கொள்கிறவளுக்கு என்ன சொல்வது?

உன் உடையை எலி கடித்துவிட்டது. துண்டு தொலைந்துவிட்டது. இந்த வருஷம் கணவாயும் அவ்வளவாக வரவில்லை என்கிறார்கள்.

இருமல் போயிற்றா?

கோலின்


அடிலெய்ட்,
ஜூன் 11

கோலினுக்கு,

எலியா. நானும் உனக்குக் கதை சொல்லியிருக்கிறேன், ஆனால் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறேன். கணவாய் எக்கச்சக்கம் என்று சிலிண்டர் கடை கிளெனிஸ் சொல்கிறாள். கல்லைவிடக் கணவாய்தான் அதிகமாம், போன் செய்து கேட்டேன்.

விதியை எனக்கே திருப்பிச் சொல்கிறாய். அந்த விதி நிஜமாக மூச்சு முட்டுகிறவனுக்கு, காதடைப்பவனுக்கு, கால் மரத்தவனுக்கு. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு, அலை இல்லை, சிலிண்டர் நிறையக் காற்று, ஆளுக்கு ஒன்றும் இல்லை. நீ குத்துக்கல்லாட்டம் கரையேறி, பெல்ட்டைக் கழற்றி, ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தாய். மூச்சு முட்டியவன் தேநீர் ஊற்றுவானா? கேட்கக் கூடாதாம். நான் வேலையில் நாள் முழுக்க கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எடைமேடை ஒரு மூட்டை கூடக் காட்டினால், ஏன் என்று கேட்காமல் முத்திரை குத்திவிட்டுப் போக முடியுமா?

எனக்குத் தெரியும், நீயே சொல்ல வேண்டாம். உனக்கு வயசாகிவிட்டது. குளிர் தாங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கம். சொல்லியிருந்தால், அடுத்த ஜோடியைத் தேடிக்கொண்டு நான் திரும்பவும் இறங்கியிருப்பேன். அந்த நாளே பாழாகியிருக்காது.

இருமலைப் பற்றி எதற்கு விசாரிப்பு? நீ கையைப் பிடித்து இழுத்ததில் உப்புத் தண்ணீரை விழுங்கினேன், இருமினேன். இரண்டு நாளில் சரியாயிற்று. இப்போது கிடங்கு ஏணியில் மேலே வரை ஏறுகிறேன். பிளட் பிரஷர் மாத்திரையை மட்டும் டாக்டர் கூட்டியிருக்கிறார், அது எங்கள் ஆபீஸில் பாதிப் பேருக்குக் கூடியிருக்கிறது. மேலதிகாரியைப் பார்த்தால் உனக்கும் கூடும்.

உடையைக் கொடு. இறுக்கமாக இருந்தாலும் அது என் உடை. பவுடர் கொட்டி உள்ளே நுழைந்துகொள்வேன்.

ரேலீன்


வையாலா,
ஜூன் 20

அக்கா,

சண்டை வேண்டாம். இந்தக் கடிதத்தில் நான் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லை, பார்.

ஒன்றே ஒன்று செய். அடிலெய்டில் டைவிங் பண்ணுகிறவர்களைப் பார்க்கும் டாக்டர் இருக்கிறார். சாதாரண டாக்டர் இல்லை, இதற்கென்றே படித்தவர். அவரிடம் போய் நெஞ்சைக் காட்டு. மாத்திரை கூடியதைச் சொல், போன வருஷ இருமலையும் சொல். அவர் சரி என்றால் உன் உடையை நானே தோய்த்து, காய வைத்து, கையில் கொண்டுவந்து தருகிறேன். வேடும் நீயும் உள்ளே இருக்கும் வரை கரையில் வெந்நீர் வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அந்த உடை உனக்கு இறுக்கம், அக்கா. நெஞ்சில் ரொம்ப இறுக்கம்.

போய்ப் பார். ஏன் என்று கேட்காதே.

கோலின்


கிம்பா,
ஜூலை 8

கோலினுக்கு,

இதைக் கிம்பா மோட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தானிய லாரி ஓட்டுகிறவர் நாளை உங்கள் ஊர் வழியாகப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. எனக்கு வயசாகிவிட்டது, நெஞ்சைக் காட்டு, உடை இறுக்கம். குண்டாகிவிட்டாய் என்பதை ஒருவன் இவ்வளவு மரியாதையாக எழுதிப் பார்த்ததில்லை. நான் உன்னை வயசானவன் என்றதற்கு இது பழிக்குப் பழி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

இன்று மதியம் கிளெனிஸுக்கு போன் செய்து சிலிண்டரும் ஒரு வாடகை உடையும் எடுத்துவைக்கச் சொன்னேன். அவள் இழுக்கிறாள்.

"ரேலீன், தப்பா எடுத்துக்காதே. உனக்குக் கொடுக்க வேண்டாம்னு உன் தம்பி வந்து சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அவன் யாரு சொல்றதுக்கு?"

"நானும் அதான் கேட்டேன். காரணம் சொல்ல மாட்டேங்கிறான். கொடுத்தா இனிமே உன் கடைப் படி ஏற மாட்டேன்னுட்டுப் போயிட்டான். அவன் முகமே சரியில்ல, ரேலீன்."

நீ யார்டா? அப்பாவா, புருஷனா, போலீஸா? ராஸ் இருந்த வரைக்கும் அவரை விட்டு ஒரு மணி நேரம் நகர முடியாது. அது நானாக ஏற்றுக்கொண்டது, யார் மேலும் குறை இல்லை. இப்போது எனக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேண்டும் என்கிறேன், அதையும் கடை கடையாகப் போய் மூடுகிறாய். எனக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை யாரும் செய்ததில்லை. கார் நிறுத்துமிடத்தில் நான் கத்தியது தப்பு என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். இனிமேல் இல்லை.

உன் தயவு தேவையில்லை. வேட் அடிலெய்டிலிருந்து சனிக்கிழமை வருகிறான். சிலிண்டர், உடை, பெல்ட் எல்லாம் அவன் வண்டியில் வருகிறது. ஞாயிறு காலை நான் இறங்குகிறேன். நீ அந்தப் பக்கம் வராதே. நான் காரணம் கேட்கப் போவதில்லை, ஏனென்றால் நீ சொல்லக்கூடிய எந்தக் காரணமும் எனக்கு இப்போது வேண்டாம்.

ரேலீன்


வையாலா,
ஜூலை 10, வெள்ளி

அக்கா,

இதை மோட்டல் கவுண்டரில் கொடுத்து, சாவியைத் தருவதற்கு முன்னால் கடிதத்தைத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்க்கத்தான் போகிறாள். பார்க்கட்டும்.

விதியை உடைக்கிறேன். நீ உடைத்தாய், இப்போது நானும் உடைக்கிறேன். இதற்காகவும் உன் மேல் எனக்குக் கோபம்தான்.

அன்றைக்கு நீ அந்த ஆண் கணவாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜோடி என்றால் அதுதானே வேலை. முதலில் சத்தம்தான் கேட்டது. அட்டைப் பெட்டி ஐஸ் காபியில் கடைசி மிச்சத்தை உறிஞ்சினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் உன் வாய்க்குழாயிலிருந்து வந்தது. குழாயில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தேன். விரலை வளைத்து, எல்லாம் சரியா என்று கேட்டேன். நீ பதில் காட்டவில்லை. மறுபடி கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, சரி என்று காட்டினாய். உன் கண் கணவாய் மேலும் இல்லை, அக்கா. எதன் மேலும் இல்லை. நீ மூச்சை மெதுவாக விட்டாய் என்று எழுதியிருக்கிறாய். மெதுவாக இல்லை. நாய் இரைப்பது போல இரைத்தாய். உனக்கு அது தெரியவே இல்லை.

அதனால்தான் விரலைத் தூக்கினேன்.

கரையில் நீ என்னைத் திட்டினாய். திட்டிக்கொண்டே இருமினாய். இருமிக்கொண்டே அந்தப் பச்சைத் துண்டில் வாயைத் துடைத்து என் மேல் எறிந்தாய். துண்டில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததால் யாரும் துண்டைப் பார்க்கவில்லை. நான் சுருட்டிக் காரில் போட்டேன். தொலையவில்லை, இங்கேதான் இருக்கிறது. எலியும் கடிக்கவில்லை.

உட்காரச் சொன்னேன், தேநீர் தந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "உன்னை வேணா கொண்டுபோய்க் காட்டு, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில"னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே. அன்று இரவு முழுக்க போன் செய்தேன். வெட்டினாய். ஒரு மாதம் வெட்டினாய். பிறகு டைவிங் டாக்டர் ஒருவரிடம் போனில் நானே கேட்டேன். குளிர்ந்த தண்ணீர், இறுக்கமான உடை, ஏறின பிளட் பிரஷர், எல்லாம் சேர்ந்தால் சிலருக்கு உள்ளிருந்தே நுரையீரலில் நீர் கோக்குமாம். மேலே வந்தால் தானாக வடிந்துவிடும், அதனால் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்களாம். ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடியும் வருமாம். அடுத்த தடவை மேலே வர நேரம் இருக்காமல் போகலாமாம்.

ஏன் சொல்லவில்லை என்பாய். முதலில், நீ கேட்கிற நிலையில் இல்லை. பிறகு எனக்கும் வீம்பு வந்துவிட்டது. உன்னைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்தது கோழைப் பட்டம், நானே போய் ஏன் விளக்க வேண்டும் என்று இருந்தேன். அப்புறம், சொன்னால் உனக்கு இருக்கிற ஒரே ஆசையையும் நான் பிடுங்குகிற மாதிரி ஆகிவிடும். டாக்டரே பிடுங்கட்டும் என்று நினைத்தேன். நீ குளிரில்தான் இங்கே வருவாய், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று தள்ளிப் போட்டேன்.

இப்போது உன்னோடு இறங்கப் போகிறவனுக்கு அந்தச் சத்தம் கேட்குமா? கேட்டாலும் புரியுமா? அதனால்தான் எனக்கு இந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை.

என்னைக் கோழை என்றே சொல்லிக்கொண்டிரு. கிளப்பில் எல்லோரும் சொல்லட்டும், பொடிசுகளும் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்காதே.

கோலின்


வையாலா,
ஜூலை 11, சனி

கோலினுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நான் எவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஒரு வருஷம்டா. ஒரு வருஷம் உன்னைப் பார்க்கிறவன் போகிறவனெல்லாம் சிரிக்க, அக்காவிடம் ஒரு வரி எழுத உனக்கு வீம்பு. இந்த நடுவில் நான் எங்காவது குளிர்ந்த ஏரியில் இறங்கியிருந்தால்? உன் விதியை வைத்துக்கொண்டு என் சவ ஊர்வலத்தில் வாய்மூடி நின்றிருப்பாயா? இதை நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

நான் மோட்டல் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காலையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். கணவாயின் நிறம் ஞாபகம் இருக்கிறது. நீ சரியா என்று கேட்டது ஞாபகமே இல்லை. இரண்டு தடவை கேட்டாய் என்கிறாய், எனக்கு ஒரு தடவைகூட இல்லை. அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. ஊரெல்லாம் எடையைச் சரிபார்க்கிறவள் நான். என் மூச்சு இரைப்பது எனக்குக் கேட்கவில்லை.

வேட் சாயங்காலம் வந்து சேர்ந்தான். நாளைக்கு நான் இறங்கவில்லை என்றேன். அவன் சும்மா இருந்தானா?

"ஏன் ரேலீன், என்ன ஆச்சு? பயமா?" என்று இளிக்கிறான்.

"டேய், அதைக் கேக்கக் கூடாதுன்னு உங்க ஊர்ல யாரும் சொல்லித் தரலையா? யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம். வாயை மூடிக்கிட்டு உன் துடுப்பை எடுத்து வை."

பாவம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். எனக்குத்தான் நாக்கு கூசிற்று. இதையே போன வருஷம் என்னிடம் யாராவது இந்த வேகத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

டைவிங் டாக்டரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கிவிட்டேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதற்கான கோபத்தை யார் மேல் காட்டுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உன் மேல் இல்லை, அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இனி நாளைக்குச் செய்ய வேண்டியது. வேட் இவ்வளவு தூரம் வந்துவிட்டான், அவனைத் தனியாக இறக்க முடியாது. நீ அவனுக்கு ஜோடியாகப் போ. கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டேன், நீ நான்காவது தடவை சொல். அந்தப் பெரிய ஆண் இன்னும் இருந்தால் எனக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வா. எந்த நிறம் எங்கே தொடங்கி எங்கே ஓடுகிறது என்று கரையில் வந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும், சும்மா "நல்லா இருந்துச்சு" என்று சொன்னால் விட மாட்டேன்.

நான் பாறை மேல் இரண்டு ஃபிளாஸ்க்கோடு நிற்பேன். சிவப்பில் கையுறைக்குள் ஊற்றிக்கொள்ள வெந்நீர், நீலத்தில் தேநீர். கிளப் ஆட்கள் எல்லோரும் சாசேஜ் வாட்டிக்கொண்டு இருப்பார்கள். நீ தண்ணீருக்குள் இருக்கும்போது எனக்கு அவர்களிடம் ஒரு வேலை இருக்கிறது. உன்னை இன்னமும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் எவன் என்று தெரிய வேண்டும். அந்தப் பச்சைத் துண்டையும் கொண்டு வா. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

நீ எப்போது வேண்டுமானாலும் மேலே வா. இறங்கின உடனே வந்தாலும் சரி. நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அக்கா